செல் என்பது ஒரு கரும்பாலை

உவமைக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம். பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா என்று எங்கே நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்து ஐந்தாவது ஆள் தொண்டையைச் செருமுகிறாரோ, அங்கே இருப்பார். அடையாளம் சுலபம். ஒன்றைப் பற்றிக் கேட்டால் இன்னொன்றைப் பற்றிச் சொல்வார். காய்ச்சல் ஏன் வருகிறது என்று கேளுங்கள், லாரி எஞ்சினைப் பற்றிச் சொல்வார். லாரி எஞ்சின் ஏன் சூடாகிறது என்று கேளுங்கள், காய்ச்சலைப் பற்றிச் சொல்வார். இரண்டைப் பற்றியும் உங்களுக்கு என்னதான் தெரியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனிதர் ரொம்பப் புண்படுவார்.

நான் பார்த்த உவமைக்காரர்களிலேயே முழுமையானவர் எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் விஜேந்திரா முன்சாமி. ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். எங்கள் ஊர் வீட்டி லெவு தீவின் வடக்குக் கரையில், கரும்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. நான் அதே பள்ளியில் மனையியல் ஆசிரியை, பெயர் நாகம்மா. எனக்கும் அவருக்கும் ஒரே ஆசிரியர் அறை, ஒரே ஜன்னல், ஒரே மின்விசிறி. இத்தனை வருடம் அப்படி இருந்ததில் உவமை என்றாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே பயப்படாதீர்கள், உங்களுக்கு நான் அவரை உள்ளது உள்ளபடியேதான் சொல்லப் போகிறேன்.

மாஸ்டர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. தாமதமாக வரமாட்டார், பிள்ளைகளை அடிக்கமாட்டார், வெள்ளிக்கிழமை தவறாமல் பூப்போட்ட சட்டை போடுவார். ஆனால் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும் என்று வந்துவிட்டால் சாக்குக்கட்டியை உயர்த்திக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்து, "இப்ப இதை எப்படி வெச்சுக்கலாம்னா..." என்று தொடங்குவார். தொடங்கினால் தொடங்கியதுதான். எதை விளக்க வந்தாரோ அது வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். இவர் வேறு எதையோ உள்ளே அழைத்து உட்கார வைத்து உபசரித்துக்கொண்டிருப்பார்.

சாவு வீட்டையாவது விடுவாரா? பஸ் ஓட்டுகிற சுக்ராஜ் மாரடைப்பில் போனபோது அவர் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இதயம்ங்கிறது டீசல் பம்பு மாதிரி, அண்ணி. குழாய் அடைச்சுக்கிச்சுன்னா வண்டி நிக்கத்தானே செய்யும்?" அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறுதல் கிடைத்துவிட்டது என்று மாஸ்டர் முடிவு செய்து, கூடத்துக்குப் போய் அடுத்தவருக்கு ரத்தக் குழாயை விளக்க ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் செல்லை அறிமுகப்படுத்தும் பொறுப்பை அரசாங்கம் ஒப்படைத்திருந்தது.

உயிருள்ள எல்லாமே செல்களால் ஆனது. நீங்கள், நான், வாசலில் படுத்திருக்கும் நாய், சுவரோரத்துப் பப்பாளி, எல்லாமே. எவ்வளவு பெரிய செய்தி இது! முதல் தடவை கேட்கிற பிள்ளைக்குத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்ற வேண்டாமா? மாஸ்டர் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கையைப் பார்த்ததில்லை. எல்லாரும் ஜன்னல் வழியாகக் கரும்பாலையைப் பார்த்தார்கள். ஏனென்றால் மாஸ்டரின் முதல் வாக்கியமே இதுதான்: "செல் என்பது ஒரு கரும்பாலை."

ஏழாம் வகுப்பில் ஆலையின் படத்தை மூன்று நிறச் சாக்குக்கட்டியில் வரைவார். வெளி வேலிதான் செல் சவ்வு, வாசலில் நிற்கிற காவல்காரன் யாரை உள்ளே விடலாம் என்று பார்ப்பான். நடுவில் மேனேஜர் அறை, அதுதான் உட்கரு. கொதிகலன்தான் மைட்டோகாண்ட்ரியா, சக்கையை எரித்துச் சக்தி கொடுக்கும். கரும்பு ஏற்றி வரும் குட்டி ரயிலுக்குத் தண்டவாளம், கழிவுப் பாகு போகச் சாக்கடை, இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு. சங்கு ஊதுகிற சத்தத்தைத் தன் வாயாலேயே ஊதிக் காட்டுவார். அதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். செல்லுக்கு எப்போது வருவார் என்கிறீர்களா? எட்டாம் வகுப்பில் மறுபடி அறிமுகம், மறுபடி ஆலை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு முன்னேற்றம் நடந்தது. என் சமையல் அறைக்கு வந்து, செல்லைக் கேக்காகச் செய்ய வேண்டும், அடுப்பு வேண்டும் என்றார். பச்சை ஐசிங் பூசி, நடுவில் ஜாமை வைத்து, சுற்றிலும் மிட்டாயைப் பதித்துப் பிள்ளைகள் கேக் செய்தார்கள். நன்றாகவே இருந்தது. அந்த வருடத் தேர்வில் 'உட்கரு எதனால் ஆனது' என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு 'ஜாம்' என்று எழுதியிருந்தது.

இதிலே ஒரு சங்கடம் இருக்கிறது, கேளுங்கள். மாஸ்டர் சிறுவனாக இருந்தபோது அந்த ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குச் சங்கும் தெரியும், பாகு வாசனையும் தெரியும். ஆனால் பெரிய புயல் வந்து கூரையைப் பிய்த்துப் போட்ட பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது நடை பழகிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் அறிந்த ஆலையில் துருப்பிடித்த தகரமும் ஆட்டுப் புழுக்கையும்தான் இருக்கின்றன. பெரிய பையன்கள் வீட்டுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்க அங்கே போவார்கள். தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றைக் கொண்டு விளக்குவதுதான் முறை என்று மாஸ்டர் அடிக்கடி சொல்வார். யாருக்குத் தெரிந்த ஒன்று என்று அவர் யோசித்ததே கிடையாது.

பத்தாம் வகுப்புக் கடைசி வரிசையில் அகனிசி என்று ஒரு பெண். அப்பா இலைசா கரும்பு வெட்டுகிறவர். கடலோரக் கிராமம். அங்கே ஒரு சுகாதார நிலையம் உண்டு. நர்ஸ் வராத நாட்களில் அதன் கதவில் ஒரு பூட்டு தொங்கும், பெரும்பாலும் அந்தப் பூட்டுதான் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டைத் திறக்கிற ஆளாகத் தான் ஆக வேண்டும் என்பது அகனிசியின் எண்ணம். நர்ஸ் படிப்புக்குப் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த வகுப்பு இல்லை. அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பஸ்ஸில் போக வேண்டும், அவள் அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். "இருட்டுல கிளம்பி இருட்டுல வர்ற படிப்பு எங்களுக்கு வேணாம், மேடம். இங்கயே வகுப்பு வந்தா படிக்கட்டும். வரலைன்னா வீட்டோட இருக்கட்டும்." ஆக, எங்கள் பள்ளிக்கு உயிரியல் வகுப்பு கிடைத்தால் அவளுக்குப் படிப்பு. இல்லையென்றால் அத்தோடு சரி.

அறிவியல் அறை அலமாரியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புயலுக்குப் பிறகு நியூசிலாந்திலிருந்து தார்ப்பாயும் டின் மீனும் வந்தபோது கூடவே வந்தது. மாஸ்டர் அதைப் பெட்டியோடு உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் கொத்தில் கோர்த்துக்கொண்டார். அகனிசி கேட்டுக்கொண்டே இருப்பாள். "சார், அதுல செல்லைப் பாக்கலாமாமே?" மாஸ்டர் கனிவாகச் சிரிப்பார். "முதல்ல புரியணும்மா. புரியாம பாத்தா என்ன தெரியும்? நான் புரிய வெச்சதுக்கப்புறம் பாக்கலாம்." பிறகு சாக்குக்கட்டியை எடுத்து வேலியை வரைய ஆரம்பிப்பார்.

இந்த நிலையில்தான் கல்வி அதிகாரி அபிசாய் லௌத்தோக்கா நகரத்திலிருந்து வருகிறார் என்று சேதி வந்தது. தலைமை ஆசிரியை மிஸஸ் வசிதி எங்களை நிற்க வைத்துப் பேசினார்.

"ஒரே ஒரு வகுப்பைத்தான் பாப்பாரு. பத்தாம் வகுப்பு, அறிவியல். பிள்ளைங்களுக்கு விஷயம் தெரியுதுன்னு அவருக்குத் தோணுச்சுன்னா உயிரியல் வகுப்பு நமக்கு. மாஸ்டர், என் மானத்தை வாங்கிடாதீங்க."

"கவலையே படாதீங்க மேடம். செல்லு பாடத்தையே வெச்சிருக்கேன்."

மிஸஸ் வசிதி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதிகாரி வந்தார். முறைப்படி யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கைதட்டி, வரவேற்று, வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். நான் எலுமிச்சை இலைத் தேநீரும் பான்கேக்கும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மனம் வரவில்லை, கதவோரமாக நின்றுவிட்டேன். அபிசாய் அகலமான மனிதர். முன் வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது அந்தப் பெஞ்சில் இருந்த பையன்கள் தானாக எழுந்து நின்றார்கள்.

"செல்லுன்னா என்ன? யாரு சொல்றீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் முழங்கியது: "செல் என்பது ஒரு கரும்பாலை!"

மாஸ்டர் முகம் மலர்ந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். "சரி. அது என்ன வேலை செய்யுது?"

ஷிவ்நீல் என்ற பையன் கையைத் தூக்கினான். முதல் வரிசை, நல்ல பையன், சொன்னதை அப்படியே மனத்தில் வாங்குகிறவன். "இப்ப ஒண்ணும் செய்யல சார். புயலுக்கப்புறம் மூடிட்டாங்க."

"எதை மூடிட்டாங்க?"

"செல்லை, சார். கரும்பெல்லாம் இப்ப லாரியில அடுத்த ஊருக்குப் போவுது. மைட்டோகாண்ட்ரியாவைப் பழைய இரும்புக்கு வித்துட்டாங்கன்னு எங்க மாமா சொன்னாரு."

இன்னொருவன் எழுந்தான். "உட்கருவுக்குள்ள போகாதீங்க சார். கூரை இடிஞ்சு விழுற நிலையில இருக்கு."

மிஸஸ் வசிதி கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சத்தியமாக. கடைசி வரிசையில் அகனிசி கைவிரலைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அபிசாய் தேநீரைக் கீழே வைத்தார். "இதுதான் மாஸ்டர், நீங்க பண்ற தப்பு."

அப்பாடா, ஒரு மனுஷனாவது வந்தானே என்று எனக்கு உயிர் வந்தது. கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும்.

"செல்லு எப்படி ஆலையாகும்? ஆலையை மூடலாம், விக்கலாம். செல்லுங்கிறது என்ன தெரியுமா?" அதிகாரி எழுந்தார். மாஸ்டர் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்கினார். கண்ணைப் பாதி மூடினார். "செல் என்பது ஒரு கிராமம்!"

என் கையிலிருந்த கெட்டில் கீழே விழாத குறை.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை என்னவென்று சொல்வேன்! ஊர்த் தலைவர்தான் உட்கரு என்றார் அதிகாரி. வெளியிலிருந்து வருகிறவன் யங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்து அனுமதி கேட்காமல் ஊருக்குள் நுழைய முடியுமா? முடியாது அல்லவா, அதுதான் செல் சவ்வு என்றார். மாஸ்டர் பரவசமாகிவிட்டார். "அப்ப மைட்டோகாண்ட்ரியா?" "மண்ணு அடுப்பு! லோவோ போட்டுக் கிழங்கு வேக வெக்கிறோமே, அது!" "கழிவு?" "பன்னிக்குப் போடுறோம்ல!" "ஆனா ரயில் பாதைக்கு என்ன சார் பண்ணுவீங்க? அங்க என் ஆலைதான் ஜெயிக்கும்." "விடுங்க மாஸ்டர், கரைக்குப் போற ஒத்தையடிப் பாதை இருக்குல்ல!" பையன்களுக்குச் சூடு பிடித்துவிட்டது. செல் ஒரு ரக்பி அணி என்றான் ஒருவன். செல் எங்கள் பஸ், டிரைவர்தான் உட்கரு, டிக்கெட் வாங்காதவன் கிருமி என்றான் ஷிவ்நீல். அதிகாரி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். கரும்பலகையில் ஆலையும் கிராமமும் ரக்பி மைதானமும் பஸ் நிலையமும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரு செல் போடத்தான் அங்கே இடம் இல்லை.

அப்போதுதான் அகனிசி எழுந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். எங்கிட்ட செல்லு இருக்கா?"

"உங்கிட்டயா?" மாஸ்டர் சிரித்தார். "கோடிக்கணக்குல இருக்கும்மா!"

"கோடி ஆலையா சார்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இல்ல சார், நெசமாத்தான் கேக்கறேன். ஆலைங்கிறீங்க, கிராமம்ங்கிறீங்க. ஆலை எனக்குத் தெரியும், கிராமத்துலதான் நான் இருக்கேன். செல்லுதான் தெரியல. எங்கிட்ட இருக்கறதுல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க சார்."

அதிகாரி சாக்குக்கட்டியை மேசையில் வைத்தார், கைத் தூசியைத் தட்டினார், மாஸ்டரைப் பார்த்து மெதுவாக, "எல்லா வகுப்புலயும் ஒருத்தர் இப்படி இருப்பாங்க" என்றார்.

வெளியே வந்து காரில் ஏறும் முன் தீர்ப்பைச் சொன்னார். வகுப்பு உண்டு. இவ்வளவு துடிப்பான பாடத்தைத் தாம் பல வருடமாகப் பார்த்ததில்லை. "ஆனா மிஸஸ் வசிதி, அந்தக் கடைசி வரிசைப் பொண்ணுக்கு மட்டும் பாடம் ஏறல. கற்பனையே இல்ல. எதையும் இருக்கறபடியே கேக்குது. அறிவியலுக்கு அது சரிப்பட்டு வராது. நான் கட்டாயப்படுத்தல, யாரைச் சேக்கறதுன்னு மாஸ்டர் முடிவு பண்ணட்டும்."

கார் போய்விட்டது. பள்ளி முழுக்கக் கொண்டாட்டம். அகனிசிக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. என் சமையல் அறைக்கு வந்து யாரும் சொல்லாமலே பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். துலக்கிய வேகத்தில் ஒரு கோப்பையின் பிடி கையோடு வந்துவிட்டது.

"நான் என்ன மேடம் தப்பாக் கேட்டுட்டேன்?"

"தப்பாக் கேக்கல. நேராக் கேட்டுட்ட. அதான் உன்மேல கோவம்."

"வகுப்பு வந்துடுச்சு. நான் மட்டும் இல்லையாம். அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" சொல்லிவிட்டு அழுதாள். பெரிய பெண், ஓசையே இல்லாமல் அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஈரக் கையோடு நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன்.

ஆண்கள் எல்லாரும் பாயில் யங்கோனாப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கையில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய யங்கோனா இருந்தது. "வாங்க மேடம்! இன்னைக்கு நம்ம பள்ளி..."

"அகனிசி பேரைக் குடுக்கப் போறீங்களா, இல்லையா?"

"அதான் எனக்கும் கஷ்டமா இருக்கு. நல்ல பொண்ணுதான். ஆனா நாலு வருஷமா சொல்லிக் குடுக்கறேன், செல்லுன்னா என்னன்னு இன்னும் கேட்டுட்டு இருக்கே. இப்ப இதை எப்படி வெச்சுக்கலாம்னா, பஸ்ஸு நிக்குது, எல்லாரும் ஏறிட்டாங்க, ஒருத்தர் மட்டும்..."

"பஸ்ஸை விடுங்க மாஸ்டர்! நீங்க செல்லைப் பாத்திருக்கீங்களா?"

மாஸ்டர் கொட்டாங்கச்சியைப் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு முறைப்படி கையைத் தட்டினார். பிறகு எழுந்து என்னோடு வராந்தாவுக்கு வந்தார்.

"படத்துல பாத்திருக்கேன்" என்றார்.

"நான் படத்தைக் கேக்கல."

"இல்ல மேடம்." குரல் எங்கேயோ உள்ளே போய்விட்டது. "நான் படிக்கறப்ப என் மாஸ்டர் ஜன்னலைக் காட்டினாரு. அதோ பாரு, அதான் செல்லுன்னாரு. ஆலை ஓடிட்டு இருந்துச்சு. சத்தம், புகை, வாசனை... நான் நம்பிட்டேன். காலேஜுலயும் படம்தான். அந்தப் பெட்டியை எப்படித் திறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது. பிள்ளைங்க முன்னால திறந்து, எனக்கு ஒண்ணும் தெரியலைன்னா? அப்புறம் என்னை யாரு மாஸ்டர்னு கூப்பிடுவாங்க?"

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை அப்படியே விழுங்கிவிட்டேன், அதற்கு அது நேரமில்லை. "சாவியை எடுங்க" என்றேன். சமையல் அறைப் பக்கம் திரும்பி, "அகனிசி! ஒரு வெங்காயம் எடுத்துக்கிட்டு வா!" என்று கத்தினேன்.

பெட்டியைத் திறந்தோம். பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படவில்லை. கண் வைக்கும் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது, என் சேலை முந்தானையால் துடைத்தேன். எது மேலே எது கீழே என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. கூட இருந்த விளக்கத் தாளைப் படித்துப் படித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு அடியில் இருந்த முகக்கண்ணாடியைத் திருப்பினோம். மாஸ்டர்தான் முதலில் குனிந்தார். "தெரியுது! தெரியுது! கறுப்பா, நீள நீளமா, ஆடுது பாருங்க! உயிரோட இருக்கு!" என்று கூவினார். நாங்கள் இன்னும் வெங்காயத்தை வைக்கவே இல்லை. மனிதர் தன் கண் இமை முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அகனிசி வெங்காயத்தின் உள்தோலைத் தாளை விட மெல்லிசாக உரித்தாள். நான் முதலுதவிப் பெட்டியிலிருந்து அயோடின் ஒரு சொட்டு விட்டேன். அவள் குனிந்தாள். ஒரு கண்ணை மூடினாள். பக்கத்துக் குமிழை மெல்லத் திருகினாள். திருகிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள், அது அவள் காதில் விழவில்லை. மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார்.

"என்னம்மா தெரியுது? சொல்லும்மா. எது மாதிரி இருக்கு?"

அகனிசி கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எது மாதிரியும் இல்ல சார்."

பிறகு எழுந்து, அவருக்கு இடம் விட்டாள். தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மாஸ்டர் குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டு ஒரு பொருளைப் பார்த்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. பூஞ்சை உறுத்துகிறது என்றார், நான் மறுக்கவில்லை. நேரே மிஸஸ் வசிதியின் அறைக்குப் போய் அகனிசியின் பெயரை முதலில் சொல்லிவிட்டு வந்தார். அவள் வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

இத்தோடு மாஸ்டர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். திங்கட்கிழமை ஏழாம் வகுப்பு வாசலைத் தாண்டிப் போனேன். சாக்குக்கட்டியை உயர்த்திக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, உதட்டில் அதே சிரிப்போடு நின்றிருந்தார்.

"பிள்ளைங்களா! செல் என்பது ஒரு வெங்காயம்!"

நுண்ணோக்கி மேசை மேல்தான் இருந்தது, அவர் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை. போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

சரி, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். இந்த இனத்தில் நீங்கள் சேர்த்தியா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை, உண்மையை மட்டும் சொன்னால் போதும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எந்த இடத்திலாவது, "அட, இந்த மாஸ்டர் அப்படியே நம்ம இன்னார் மாதிரி அல்லவா இருக்கிறார்!" என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதா? அப்படியானால் வாருங்கள், எங்கள் பள்ளியில் இன்னொரு அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது.